சார்லஸ் வாப்பாவும் எங்கள் புளியங்கொட்டைக் கணக்கும்



நாங்கள் நால்வர். ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். ஒருவர் பதினெட்டு ஆண்டுச் சபருக்குப் பின் ஊரோடு தங்கிவிட்டவர். இன்னொருவர் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர். இதை எழுதும் கை அந்த நான்காமவருடையது. ஆயினும், சிரித்ததும் பின்னர் வெட்கியதும் சேர்ந்தே நடந்தவை என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

சிறுவயதில், சபராளி நண்பரின் வாப்பா வளைகுடாவிலிருந்து ஊர் வந்தபோது வீடியோ பெட்டியும் சில ஒளிநாடாக்களும் கொண்டுவந்தார்கள். அவற்றுள் ஒன்றில்தான் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' என்னும் அமெரிக்கத் தொடரின் சில அத்தியாயங்கள் இருந்தன. புல்வெளியில் ஒரு சிறு வீடு. வாப்பா, உம்மா, மூன்று பெண்மக்கள், ஒரு நாய். ஆங்கிலம் எங்களுக்கு விளங்காது. எனவே கதையை நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம். அந்த ஊரில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். ஆகையால் பாதிரியாரைத் தலைமையாசிரியர் என்றே வெகுகாலம் நம்பியிருந்தோம்.

சென்ற ஆண்டு, நண்பரின் மகன் அத்தொடர் முழுவதையும் இணையத்தில் தேடி எடுத்துத் தந்தான். 1974 முதல் 1983 வரை ஒன்பது பருவங்களாக என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொடர் அது. 200-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். சனிக்கிழமைதோறும் இஷாவுக்குப் பின் நண்பரின் மாடி அறையில் கூடுவது என்றும், ஆளுக்கொரு கோப்பை சுலைமானியுடன் ஓரிரு அத்தியாயங்கள் பார்ப்பது என்றும் முடிவாயிற்று. நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது தேவைதானா என்று வீட்டிலிருந்தோர் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

பார்ப்பதற்குச் சில விதிகளும் தாமாகவே உருவாயின. தொடரின் தொடக்கக் காட்சியில் மூன்று சிறுமியரும் புல்மேட்டில் ஓடி வருவார்கள். அவர்களுள் இளையவள் கேரி தடுக்கி விழுவாள். அவள் விழும் கணத்தில் நால்வரும் ஒரே குரலில் "பிஸ்மில்லாஹ்!" என்போம். கேரியாக நடித்தவர்கள் இரட்டைச் சகோதரியர் என்று தெரிந்தபின், விழுந்தது எவர் என்னும் வழக்கு இன்றளவும் தீராமல் நிற்கிறது. பிடில் வாசிக்கும் காட்சி வந்தால் ஒலியைக் குறைப்பது சபராளி நண்பரின் பொறுப்பு. ஓதிக்கொடுப்பவருக்கான மரியாதை என்பார். உண்மையில் அவருக்கே அந்த ஓசை பிடிப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய விதி புளியங்கொட்டைக் கணக்கு. குடும்பத் தலைவரான சார்லஸ் இங்கல்ஸாக நடித்தவர் மைக்கேல் லேண்டன். தொடரைத் தயாரித்தவர்களில் முதன்மையானவர் அவரே. பல அத்தியாயங்களை எழுதியதும் இயக்கியதும் அவரே. அழுவதற்கு அவர் தமக்கே தாராளமாக இடம் ஒதுக்கிக்கொண்டார் போலும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அழுவார், காய்ச்சல் நீங்கினால் அழுவார், வழிப்போக்கன் விடைபெற்றால் அழுவார். அவர் கண் கலங்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை எவர்சில்வர் கிண்ணத்தில் போடுவோம். 'டங்' என்னும் அந்த ஓசைக்காகவே காத்திருப்போம். "சார்லஸ் வாப்பா இன்று ஐந்து" என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்தது.

வரலாற்று நண்பர் சும்மா பார்க்கமாட்டார். கதை நடப்பது மினசோட்டாவிலுள்ள வால்நட் குரோவ் என்னும் ஊரில். அதுவோ சமவெளி. திரையில் பின்னால் தெரிகின்ற குன்றுகள், படப்பிடிப்பு நடந்த கலிஃபோர்னியாவின் சிமி பள்ளத்தாக்குக்கு உரியவை. இதைச் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார்: லேண்டன் மழுமழுவென்ற முகத்தோடு வருகிறார், உண்மையான சார்லஸின் புகைப்படத்திலோ நீண்ட தாடி இருக்கிறது. ஓதிக்கொடுக்கும் நண்பர் அன்று மிகவும் மகிழ்ந்தார்.

ஜவுளிக்கடை நண்பர் எப்போதும் வில்லர்களின் கட்சி. ஊரின் ஒரே பலசரக்குக் கடை ஓல்சன் குடும்பத்தாருடையது. திருமதி ஓல்சன் கடுஞ்சொல்காரி; சார்லஸின் மனைவி கரோலின் விற்பனைக்குக் கொண்டுவரும் முட்டைகளைப் பழுப்பு நிறமென்று சொல்லி விலை குறைப்பவர். எல்லோரும் அவரை ஏசும்போது எங்கள் நண்பர் மட்டும், "ஊரே கடன் சொல்லிச் சரக்கு எடுக்கிறது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டா நிற்பார்கள்? கடைக்காரன் வலி கடைக்காரனுக்குத்தான் தெரியும்" என்பார். அதையும் நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டோம்.

சிரிப்புக்கிடையே சில பாடங்களும் வந்தன. தொடரின் முன்னோட்டப் படத்தில் குடும்பம் கான்சஸில் குடியேறுகிறது. அதைப் பார்த்த நண்பரின் இளைய மகள், "அவர்கள் வருமுன் அந்த இடம் யாருடையது?" என்று கேட்டாள். வரலாற்று நண்பர் தொடரை நிறுத்திவிட்டு விடை சொன்னார். 1869-இல் இங்கல்ஸ் குடும்பம் சென்று வீடு கட்டிய நிலம் ஓசேஜ் என்னும் பூர்வகுடி மக்களுக்கு உரியது. அங்கே குடியேற வெள்ளையருக்குச் சட்டப்படி உரிமை இருக்கவில்லை. ஆயினும் வண்டி வண்டியாக வந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஓசேஜ் மக்களே கான்சஸை விட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தின் இரண்டாம் மகள் லாரா, தம் 65-ஆம் வயதில், 1932-இல் முதல் நூலை வெளியிட்டார். தொடருக்கு மூலமானவை அவர் எழுதிய நூல்களே. 1935-இல் வந்த நூலின் தொடக்கத்தில், அந்த நிலத்தில் மனிதரே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே இருந்தனர் என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. 1952-இல் ஒரு வாசகர் சுட்டிக்காட்டிய பிறகே லாரா வருந்தி அதை மாற்ற இசைந்தார். இப்படிப்பட்ட சித்திரிப்புகளுக்காகவே, அவர் பெயரில் வழங்கப்பட்ட சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகர் அமைப்பு 2018-இல் மாற்றியது.

சிறுமி சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அவர்களுக்கு வாடகை பாக்கி இருக்கிறது" என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

முன்னோட்டப் படத்துக்குப் பின் வரும் முதல் அத்தியாயமே கடனைப் பற்றியதுதான். சார்லஸுக்கு ஏர் வேண்டும், கையில் காசில்லை. தானியக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவரிடம் உழைத்துக் கழிப்பதாகப் பேசி, தம் எருதுகளை ஈடாக வைக்கிறார். இடையில் மரத்திலிருந்து விழுந்து விலா எலும்பு முறிகிறது. தவணை நெருங்க, கடன் கொடுத்தவர் எருதுகளை ஓட்டிச்செல்ல வந்துவிடுகிறார். முறிந்த விலாவோடு சார்லஸ் மூட்டை தூக்க முயன்று விழுகிறார். சின்னஞ்சிறு பெண்கள் மூட்டையை இழுத்துப் பார்க்கிறார்கள். அப்போது ஊர் ஆண்கள் ஒவ்வொருவராக வந்து மூட்டைகளைத் தோளில் ஏற்றி அடுக்கிவிடுகிறார்கள். கடன் தீர்ந்தது. சார்லஸ் அழுதார். 'டங்.'

"ஒரு மணி நேரத்துக்குள் கடன் தீர்ந்துவிட்டது. நமக்கும் இப்படி ஒரு டைரக்டர் கிடைத்தால் நன்றாயிருக்கும்" என்றார் ஜவுளிக்கடை நண்பர். அன்றைய மாலையின் சிறந்த நகைச்சுவை அதுதான் என்று தீர்ப்பளித்தோம்.

வாரங்கள் சென்றன. ஓர் இரவு, ஆலங்கட்டி மழையில் கோதுமை அழிந்துபோக, ஊர் ஆண்கள் வேலை தேடி நடந்தே வெளியூர் செல்லும் அத்தியாயம். வரலாற்று நண்பர் அப்போது கரோலின் ஃப்ரேசர் 2017-இல் எழுதிய லாராவின் வரலாற்று நூலைப் படித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அந்தக் குடும்பத்தை அழித்தது ஆலங்கட்டி அல்ல, வெட்டுக்கிளி என்றார். 1873 முதல் 1877 வரை மினசோட்டாவின் பயிர்களை வெட்டுக்கிளிக் கூட்டங்கள் தின்று தீர்த்தன. 1877 ஏப்ரல் 26-ஐப் பிரார்த்தனை நாளாக மாநில ஆளுநர் அறிவித்தார். அந்தக் கோடையில் அவை அகன்றன. ராக்கி மலை வெட்டுக்கிளி என்னும் அந்த இனமே பின்னர் அற்றுப்போனது. உயிருடன் கடைசியாகப் பிடிபட்டது 1902-இல்.

"நம் மஸ்அலா தெரிந்திருந்தால் பஞ்சமே வந்திருக்காது. வெட்டுக்கிளி ஹலால், அறுக்கவும் வேண்டாம்!" என்றார் ஓதிக்கொடுக்கும் நண்பர். மாடி அதிரச் சிரித்தோம்.

வரலாற்று நண்பர் தொடர்ந்தார். விளைச்சல் போன சார்லஸ், 1875-ஆம் ஆண்டின் இறுதியில், தமக்கு எந்த வழியும் இல்லையென எழுதிக் கையொப்பமிட்டு, நிவாரணமாக இரண்டு அரைப் பீப்பாய் மாவு பெற்றார். மறு ஆண்டு நிலத்தை விட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியில் ஒன்பது மாத ஆண் குழந்தை இறந்தது. அயோவாவிலுள்ள பர் ஓக் என்னும் சிற்றூரில் ஒரு விடுதியில் வேலை செய்தார்கள்; அங்கே இன்னொரு பெண் குழந்தை பிறந்தது. கடன் ஏறியது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் குதிரைகளைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்ல, ஒரு நள்ளிரவில் வண்டியில் சாமான்களை ஏற்றி, ஊரறியாமல் குடும்பமே வெளியேறிவிட்டது. லாரா தம் சிறுவர் நூல்களில் அந்த ஊரைப் பற்றி எழுதவே இல்லை. 1930 வாக்கில் எழுதி, அவர் வாழ்நாளில் அச்சேறாமல் 2014-இல் வெளிவந்த தன்வரலாற்றில்தான் அது இருக்கிறது.

"நம் சார்லஸ் வாப்பாவா? இராத்திரியோடு இராத்திரியாகவா?" சபராளி நண்பர் கிண்ணத்தை எடுத்து ஒரு பிடி புளியங்கொட்டையை மொத்தமாகக் கொட்டினார். மூவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஜவுளிக்கடை நண்பர் சிரிக்கவில்லை. "பிள்ளைகள் விழித்துக்கொண்டார்களா?" என்று கேட்டார்.

யாருக்கும் விளங்கவில்லை. "அந்த இராத்திரி, வண்டி கிளம்பும்போது, பிள்ளைகள் விழித்திருந்தார்களா? எங்கே போகிறோம் என்று கேட்டார்களா?"

லாராவுக்கு அப்போது பத்து வயது இருக்கும், தெரிந்துதானே பிற்காலத்தில் எழுதினார் என்றார் வரலாற்று நண்பர். அதன்பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார். மொத்த வியாபாரிகளுக்குச் சரக்குப் பாக்கி. அதை அடைக்கக் கைமாற்று. கைமாற்றை அடைக்க மனைவியின் நகைகள் அடகு. கடைசியில், அவர் வாழ்நாளில் தொடமாட்டேன் என்றிருந்த வட்டிப் பணம். பதினான்கு மாதங்களாக இப்படி. மனைவிக்குப் பாதிதான் தெரியும். அடுத்த வாரம் விசிட் விசாவில் அக்கரைக்குப் போய்விடுவது, பின்னர் குடும்பத்தை அழைத்துக்கொள்வது என்று பயணச்சீட்டும் எடுத்திருந்தார். கடையைப் பூட்டிச் சாவியைக் கடிதத்தோடு எங்கள் ஒருவர் வீட்டில் போட்டுவிட்டுச் செல்வதாக எண்ணம்.

சொல்லி முடித்தபின் அவர் அழுதார். கிண்ணம் நடுவில் இருந்தது. அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் சபராளி நண்பர் அதன்மேல் துண்டைப் போட்டார்.

இப்பொழுது எழுதும்போதும் கை கூசுகிறது. வாரந்தோறும் அவர் எங்கள் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தார். கடைக்காரன் வலியைப் பற்றி அவர் சொன்னதும், டைரக்டர் கிடைக்கவேண்டும் என்று ஏங்கியதும் எங்கள் காதில் விழுந்தவைதாம். ஓர் ஆண் அழுதால் புளியங்கொட்டை போட்டுச் சிரிக்கும் கூட்டத்தில் அவர் எப்படி வாய் திறப்பார்? ஓதிக்கொடுப்பவரின் நிலை இன்னும் மோசம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்குபவர் அவர். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரவேண்டும் என்பதையும் ஓதிக்கொடுப்பவர். அவர் நண்பரிடம் "வியாபாரம் எப்படி?" என்று கேட்டதுண்டு. "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வந்தது. அதோடு விசாரிப்பு முடிந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்க்க அவர் ஒரு நிமிடம்கூடச் செலவிடவில்லை.

அன்றிரவு தஹஜ்ஜுத் நேரம்வரை உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். பதினொரு பெயர்கள். எங்களிடமும் பணக்குவியல் இல்லை. பயணச்சீட்டை இரத்துச் செய்தோம். ஸ்கூட்டரை விற்றதிலும், தேங்கிய சரக்கை அடக்க விலைக்குத் தள்ளியதிலும் வந்த தொகையில் முதலில் வட்டிக்கடன் ஒழிந்தது. சபராளி நண்பர் தம் சேமிப்பிலிருந்து ஒரு தொகையை அழகிய கடனாகக் கொடுத்தார். அதைத் தாளில் எழுதி இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும் என்று வற்புறுத்தியவர் கடன் வாங்கியவரே. வரலாற்று நண்பர் கடைக் கணக்கை ஒழுங்குசெய்தார். ஓதிக்கொடுப்பவர் கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவருடன் சென்றார்.

திரையில் வருவதுபோல் ஊர் திரண்டு வந்து மூட்டை தூக்கவில்லை. ஒருவர் வாசலிலேயே நிறுத்திக் கடுமையாகப் பேசினார். பேச அவருக்கு உரிமை இருந்தது. அவர் பணமும் உழைத்துச் சேர்த்ததுதான். வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முப்பது வருடத்தில், ஓடிப்போகாமல் நேரில் வந்து சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்" என்று பத்து மாத அவகாசம் தந்தார். பட்டியலில் இன்று நான்கு பெயர்கள் மிச்சம். நகைகள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. கடை திறந்திருக்கிறது.

உண்மையான சார்லஸ் இங்கல்ஸைப் பார்த்து இப்போது எங்களால் முன்போல் சிரிக்க முடியவில்லை. ஆனால் அவர்மேல் அன்பு கூடியிருக்கிறது. திரையின் சார்லஸ் விழுந்தால் உடனே தாங்கிக்கொள்ள ஓர் ஊர் இருந்தது. உண்மைச் சார்லஸ் அந்த நள்ளிரவில் வண்டியைப் பூட்டும்போது, அவர் கதவைத் தட்டுவதற்கு ஒரு நண்பர் வீடுகூட அந்த ஊரில் இல்லாதிருந்திருக்கலாம். தொடரின் இறுதியில், 1984-இல் வந்த படத்தில், ஊர் நிலம் முழுவதும் ஒரு செல்வந்தருக்குச் சொந்தம் எனத் தெரிந்ததும், வால்நட் குரோவ் மக்கள் தம் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் பட்டப்பகலில் தலைநிமிர்ந்து வெளியேறுவார்கள். படப்பிடிப்பு நிலத்தைப் பழைய நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்ற ஒப்பந்தத்தை நிறைவேற்ற லேண்டன் கண்ட வழி அது. கதையில் எழுதும்போது எந்த வெளியேற்றத்தையும் கண்ணியமாக்கிவிடலாம். வாழ்க்கையில் அது நள்ளிரவில்தான் நடக்கிறது, குழந்தைகள் விழித்துக்கொள்கிறார்கள்.

சென்ற சனிக்கிழமை, ஜவுளிக்கடை நண்பரின் விருப்பப்படி அந்த முதல் அத்தியாயத்தை மீண்டும் பார்த்தோம். கேரி விழுந்தாள், "பிஸ்மில்லாஹ்" என்றோம். எருதுகளை ஓட்டிச்செல்ல வந்தவருக்காக அவர் பழையபடி வாதாடினார். கடைசியில் ஊரார் மூட்டைகளைத் தூக்கினார்கள், சார்லஸ் அழுதார். யாரும் கொட்டை போடவில்லை. சற்றுப் பொறுத்து ஜவுளிக்கடை நண்பரே கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக ஐந்து கொட்டைகளைப் போட்டார். "சார்லஸ் வாப்பாவுக்கு ஒன்று, நமக்கு நாலு" என்றார்.

இதை எழுத அவரே அனுமதி தந்தார். "பெயர் மட்டும் வேண்டாம். படிப்பவர்களில் பயணச்சீட்டு எடுத்து வைத்திருப்பவர் யாராவது இருப்பார்" என்றார். அப்படி ஒருவர் இருந்தால், புறப்படுமுன் ஒரு நண்பரின் கதவைத் தட்டுங்கள். நண்பர்களாக இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "அல்ஹம்துலில்லாஹ்" என்ற பதிலைக் கேட்டபின், இன்னும் ஒரு கோப்பை சுலைமானி ஊற்றிக்கொடுத்து, இன்னொரு முறை கேளுங்கள்.

கடன் சுமையிலிருந்து நம் அனைவரையும் வல்ல இறைவன் பாதுகாப்பானாக. ஆமீன்.